கம்பிப் பதம்

செப்டம்பர் 11, திங்கள்

இழை அறுந்தது.

செப்டம்பர் 12, செவ்வாய்

மறுபடியும் அறுந்தது. யாரோ மின்விசிறியைப் போட்டுவிட்டார்கள். யாரோ என்றால் நான்தான்.

செப்டம்பர் 14, வியாழன்

இன்று அறுந்ததற்கு மின்விசிறி காரணமில்லை. "தெனம் நடந்தத எழுதி வையில, எங்க தப்புன்னு தன்னால தெரியும்" என்று ஜெசிந்தா சொன்னதால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஆய்வகத்தில் இருப்பதே இரண்டு ஆராய்ச்சி மாணவர்கள். ஒருவன் நான், இன்னொருத்தி அவள். தூத்துக்குடிக்காரி. அவளைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

என் பெயர் இருளப்பன். கமுதிப் பக்கம். எங்கள் காலனியிலிருந்து முனைவர் பட்டத்துக்கு வந்த முதல் ஆள். வந்து ஆறாவது வருடம் நடப்பதால், இனி யாரும் வரமாட்டார்கள் என்று நினைக்கிறேன். ஊருக்குப் போனால் மாமா கேட்கிறார்.

"இன்னும் என்னடா படிக்கிற?"

"நூல் மாதிரி ஒண்ணு இழுக்குறேன் மாமா."

"அதத்தான ராசபாளையத்துல மில்லுல இழுக்குறாங்க. அவங்களுக்குச் சம்பளமும் குடுக்குறாங்களே."



நான் இழுப்பது திரவப் படிகம். அதன் மூலக்கூறுகள் வட்டத் தட்டுகள் மாதிரி இருக்கும். சூடாக்கினால் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்து தூண் தூணாக நிற்கும். தூணுக்குப் பக்கத்தில் தூண். தூண்கள் ஒன்றையொன்று உரசி வழுக்கும் என்பதால் அது திரவம். வரிசை கலையாது என்பதால் திடம். ஒரு சொட்டை ஊசியால் தொட்டு மெதுவாகத் தூக்கினால் தலைமுடியைவிட மெல்லிய இழை எழும்பும். தேனை இப்படி இழுத்தால் கொஞ்ச தூரத்தில் மணிமணியாக உடைந்துவிடும். இது உடையாது. அந்தரத்தில் நிற்கும். நான் தும்மும்வரை நிற்கும்.

செப்டம்பர் 19, செவ்வாய்

அறுந்தது. சாருடைய கார் சர்வீசுக்குப் போயிருந்ததால், அதை எடுத்துவர நான் போயிருந்தேன். ஆள் இல்லாமலே அறுந்திருக்கிறது. இது முன்னேற்றம்.

செப்டம்பர் 27, புதன்

என் பிரச்சினையை ஒரே பத்தியில் எழுதச் சொன்னாள் ஜெசிந்தா. எழுதுகிறேன்.

என் நெறியாளர் பேராசிரியர் திருஞானம், நான் எட்டாம் வகுப்பு படித்தபோது ஒரு கட்டுரை எழுதினார். இழை ரப்பர் மாதிரி, இழுத்தால் நீளம் முழுவதும் ஒரே சீராக நீண்டு மெலியும் என்று அதில் ஒரு சமன்பாடு இருக்கிறது. என் இழையோ நீள்கிறதே தவிர மெலிவதில்லை. அப்படியென்றால் சரக்கு வேறெங்கிருந்தோ வருகிறது. எங்கிருந்து? இழை கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறது. உள்ளே எது நகர்கிறது, எது நிற்கிறது என்று பார்க்க ஒரு அடையாளமும் இல்லை. கொஞ்சம் பொடியைக் கலந்தால் துகள்கள் போகிற வழியைப் பார்த்துவிடலாம். இதைச் சாரிடம் மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இன்றும் கேட்டேன்.

"சுத்தமான சாம்பிள்ப்பா. ஜெர்மனிலேர்ந்து வாங்கினது. அதுல போயி அழுக்கைக் கலக்கறேங்கறியே! சுத்தம்னா என்னன்னு மொதல்ல கத்துக்கோ."

"அப்ப ஏன் சார் மெலிய மாட்டேங்குது?"

"உன் கை சரியில்லை."

ஆறு வருடமாக என் கை சரியில்லை. ஆனால் கார் சாவியை மட்டும் அந்தக் கையில்தான் கொடுக்கிறார்.

அக்டோபர் 6, வெள்ளி

ஆய்வுக் குழு முப்பதாம் தேதி கூடுகிறது. பெங்களூரிலிருந்து பேராசிரியர் விசாலம் வருகிறார். எனக்கு ஏற்கெனவே ஒரு முறை கால நீட்டிப்பு கொடுத்தாகிவிட்டது. இந்தத் தடவை உருப்படியாக எதையும் காட்டாவிட்டால் பதிவு ரத்து. மாமா சொன்ன மில் இருக்கவே இருக்கிறது.

குழுவின் முன் நிற்பதற்கே சார் கையெழுத்துப் போட வேண்டும். "பூஜை முடியட்டும், பாக்கலாம்" என்கிறார். ஆயுத பூஜைக்கும் எனக்கு வேண்டிய கையெழுத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கவில்லை. கேட்காமல் இருக்கவும் ஆறு வருடத்தில் பழகிக்கொண்டேன்.

அக்டோபர் 14, சனி

சார் வீட்டில் கொலுப்படி கட்டினோம். இரும்புச் சட்டம், பலகை, திருகு. நானும் ஜெசிந்தாவும்தான். பலகைமேல் வேட்டி விரித்ததும் எங்கள் வேலை முடிந்தது. பொம்மைகளை வைக்க வேறு ஆட்கள் வந்தார்கள். குளித்துவிட்டு வந்திருந்தார்கள். நாங்களும் குளித்துவிட்டுத்தான் போயிருந்தோம்.

சாரின் மனைவி, எங்களுக்கு மேடம், காபி கொடுத்தார். எங்கள் இருவருக்கும் பேப்பர் கப்பில்.

"கழுவற வேலை மிச்சம் பாருங்கோ" என்றார்.

அடுத்து பக்கத்து வீட்டு அம்மா வந்தார். அவருக்கு எவர்சில்வர் டம்ளர், டவரா. கழுவுகிற வேலையைப் பற்றி யாரும் பேசவில்லை.

காபி கொதித்துக்கொண்டிருந்தது. கப் கையைச் சுட்டது. ஜெசிந்தா துப்பட்டா நுனியால் பிடித்துக்கொண்டாள். எனக்குத் துப்பட்டா இல்லை.

திரும்பும்போது டீக்கடையில் பேப்பர் கப்புகள் நீளமான பிளாஸ்டிக் உறையில் அடுக்காகத் தொங்கின. நாலைந்து அடுக்குகள், ஒன்றையொன்று ஒட்டி. தட்டுமேல் தட்டு, தூணுக்குப் பக்கத்தில் தூண். அப்படியே என் சாம்பிள். கடைக்காரர் ஒரு அடுக்கைப் பிடித்துக் கீழே இழுத்தார். முழுத் தூணும் மற்றவற்றை உரசிக்கொண்டு சரசரவென்று இறங்கியது. ஒரு கப்கூட நீளவில்லை. கப் எப்படி நீளும்?

"என்னல, கப்ப மொறச்சிக்கிட்டு நிக்க?" என்றாள் ஜெசிந்தா.

"ஒண்ணுமில்ல."

"அந்தம்மாவயா நெனைக்க?"

"திரவப் படிகத்த நெனைக்கிறேன்."

"ரெண்டுக்கும் மூஞ்சி ஒரே மாதிரிதான் வச்சிருக்க."

அக்டோபர் 17, செவ்வாய்

கார் பேட்டரி மாற்ற வேண்டுமென்று சார் வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். மேடம் கொலுவுக்குத் தேங்காய் பர்ஃபி கிண்டிக்கொண்டிருந்தார்.

"இருளப்பன், நீதான் கம்பி இழுக்கறவனாச்சே! பாகு கம்பிப் பதம் வந்துடுத்தா பாரு."

"தொட்டுப் பாக்கணும் மேடம்."

"ஐயோ, வேண்டாம். சாமிக்குப் படைக்கறது. அங்கேயே நின்னு பாத்துச் சொல்லு."

சமையலறை நிலைப்படிக்கு வெளியே நின்றேன். மேடம் பாகைத் தொட்டு இரண்டு விரலுக்கு நடுவில் இழுத்துக் காட்டினார். ஒற்றைக் கம்பி. அறாமல், ஆடாமல், வெளிச்சத்தில் மின்னியது. ஆறு வருடத்தில் நான் இழுத்த எதுவும் அவ்வளவு அழகாக வந்ததில்லை.

"இன்னும் வரல மேடம்" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி காட்டினார். "இன்னும் கொஞ்சம்" என்றேன். அதற்கப்புறமும் ஒரு தடவை சொன்னேன்.

ஓர் அளவீட்டை நான் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னது இதுவே முதல் முறை. தூக்கம் நன்றாக வந்தது.

அக்டோபர் 19, வியாழன்

பர்ஃபி வில்லையாகவில்லையாம். மணலாகிவிட்டதாம். சார் ஒரு டப்பாவில் கொண்டுவந்து, கோயிலில் திருநீறு கொடுப்பதுபோல் ஆளுக்கு ஒரு சிட்டிகை கொடுத்தார். நான் இரண்டாவது சிட்டிகை கேட்டேன்.

நாளை துறையில் ஆயுத பூஜை. திங்கள், செவ்வாய் விடுமுறை என்பதால் வெள்ளிக்கிழமையே. எல்லாக் கருவிக்கும் சந்தனம், குங்குமம் வைப்பார்கள். பிறகு விஜயதசமி முடியும்வரை எதையும் இயக்கக் கூடாது. காரை மட்டும் இயக்கலாம். சாருக்கு வீட்டுக்குப் போக வேண்டுமே.

என் கருவி, பழைய பிரிண்டரிலிருந்து பிடுங்கிய மோட்டாரை வைத்து நானே கட்டியது. அதன்மேல் ஒரு நோட்டீஸ் ஒட்டினேன்: "இந்தக் கருவிக்குப் பொட்டு வேண்டாம். இதற்கு வேண்டியது பொடி. அதைத்தான் மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது."

சாருக்குப் புரியும்படிதான் எழுதினேன்.

அக்டோபர் 20, வெள்ளி

பூஜை நேரத்தில் முடி வெட்டிக்கொள்ளப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் நோட்டீசைக் காணோம். ஊசியைப் பிடித்திருக்கும் கையின்மேல், சரியாக நடுவில், உருண்டையாகச் சந்தனம். அதன்மேல் குங்குமம். இவ்வளவு நேர்த்தியாகப் பொட்டு வைக்க இந்தத் துறையில் ஒருத்தியால்தான் முடியும்.

"நீயா வச்ச?"

"நாந்தான்."

"ஞாயித்துக்கிழம ஆனா சர்ச்சுக்குப் போறவதான நீ?"

"எல்லா மெசினுக்கும் வைக்கச் சொன்னாரு. அவர்ட்ட நானும் கையெழுத்து வாங்கணும்ல. ஏசப்பாவுக்கு அது தெரியும்."

"நோட்டீஸ் எங்க?"

"காத்துல பறந்திருக்கும்."

"ஃபேன் ஓடல."

"அப்ப பறக்கல போல."

இனி அவளிடம் பேசுவதில்லை என்று முடிவுசெய்தேன்.

சாயங்காலம் சார் கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. "என் மெஷினுக்கும் வைன்னு நீயே கேட்டு வாங்கிண்டியாமே. ஜெசிந்தா சொன்னா. இப்படித்தான் இருக்கணும்" என்று சொல்லி, பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நான் பொட்டு கேட்கவே இல்லை. சாருக்கு வயதாகிவிட்டது, ஆள் மாற்றி நினைக்கிறார்.

அக்டோபர் 21, சனி

ஜெசிந்தாவிடம் பேசவில்லை.

அக்டோபர் 22, ஞாயிறு

இன்றும் பேசவில்லை. அவள் நேற்றே ஊருக்குப் போய்விட்டாள். நான் பேசாமல் இருப்பது அவளுக்குத் தெரியுமா என்று தெரியவில்லை.

அக்டோபர் 24, செவ்வாய்

தூத்துக்குடியில் மழையாம். எனக்கென்ன.

அக்டோபர் 25, புதன்

காலையில் சூட்டுமேடையைப் போட்டேன். சாம்பிள் உருகியது. மோட்டாரை ஓட்டியதும் ஊசிக்கை அதிர்ந்தது. காய்ந்து வெடித்திருந்த சந்தனம் பொருக்காகக் கழன்று, குங்குமத்தோடு நேராகச் சொட்டுக்குள் விழுந்தது.

ஒரு துகள்கூட விழக் கூடாது என்ற சாம்பிள். கடுகளவுதான் பாக்கி இருந்தது. குழு கூட ஐந்து நாள். ஜெர்மனியிலிருந்து இன்னொரு கடுகு வர மூன்று மாதமாகும்.

நான் கத்தியதில் பக்கத்து ஆய்வகத்திலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் ஜெசிந்தா ஊரிலிருந்து மக்ரூன் பொட்டலத்தோடு உள்ளே வந்தாள்.

"கழுவ முடியாதா?"

"கொழம்புச் சட்டியா இது, கழுவ?"

அவள் முகம் செத்துவிட்டது. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "எப்படியும் போச்சு. இழுத்துத்தான் பாரேன்" என்றாள்.

கோபத்தில்தான் இழுத்தேன். அறுந்து தொலையட்டும் என்று இழுத்தேன். அறவில்லை. இழை எழும்பியது. நுண்ணோக்கியில் பார்த்தால், தெளிவான இழைக்குள் அங்கங்கே சிவப்புப் புள்ளிகள்.

திரையில் போட்டு, அப்படியே படமும் பிடித்தோம். நடுவில் இரண்டு புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. சாருடைய சமன்பாட்டின்படி, இழை நீள நீள அவை ஒன்றைவிட்டு ஒன்று விலக வேண்டும். நான் இழுத்துக்கொண்டே இருந்தேன்.

"வெலகலல" என்றாள் ஜெசிந்தா.

"என்ன?"

"ரெண்டும் சேந்தே போகுது பாரு. நடுவுல எடவெளி அப்படியே இருக்கு."

அப்படியேதான் இருந்தது. ஓரத்துப் புள்ளியும் மையத்துப் புள்ளியும்கூட ஒரே வேகத்தில் ஏறின. அடிச் சொட்டில் மட்டும்தான் கலவரம். அங்கே சிவப்புத் துகள்கள் பஸ் படிக்கட்டை முற்றுகையிட்ட கூட்டம்போல நாலா பக்கமிருந்தும் நெருக்கியடித்து வந்தன. கழுத்தில் ஏறியதும் வரிசைக்குள் புகுந்து அமைதியாக மேலே போயின. இழை நீளவே இல்லை. அடியிலிருந்து வளர்கிறது. ஓட்டமெல்லாம் சொட்டில். மேலே தூண்கள் அப்படியே நகர்கின்றன, டீக்கடைக் கப்புகள் மாதிரி.

ஊசியைக் கீழே இறக்கிப் பார்த்தேன். திரவமாக இருந்தால் தடித்திருக்கும். இது வில்லாக வளைந்தது. வளைந்தபடி நின்று, சொட்டு மெல்ல மெல்ல விழுங்க விழுங்க, நிமிர்ந்தது.

மக்ரூன் பொட்டலம் காலி. யார் சாப்பிட்டது என்று நினைவில்லை. அவளிடம் பேசுவதில்லை என்ற முடிவும் கொஞ்சம் தாமதமாகத்தான் நினைவுக்கு வந்தது.

அக்டோபர் 26, வியாழன்

சாரிடம் காட்டினேன்.

"என்னப்பா இது, செவப்பா?"

"குங்குமம் சார்."

"சாம்பிள்லயா? யார் போட்டா?"

"நீங்க வைக்கச் சொன்னதுதான் சார், விழுந்துருச்சு."

பிறகு படத்தைப் பார்த்தார். மறுபடி ஓட்டச் சொன்னார். மறுபடி. மனிதர் முட்டாள் இல்லை. இரண்டாவது தடவையிலேயே புரிந்துவிட்டது. முகத்தில் தெரிந்தது.

"இதைக் கமிட்டில காட்டாதே."

"வேற என்ன சார் இருக்கு?"

"பழைய டேட்டா இருக்கோல்லியோ. என் ஈக்வேஷன் பக்கத்துல வர்ற பாயின்ட்டா நாலு எடுத்துப் போடு. தீசிஸ் முடியும். நான் கையெழுத்துப் போடறேன். இதைக் காட்டினா..." வாக்கியத்தை முடிக்கவில்லை. கார் சாவியை எடுத்து நீட்டினார். "சைடு கண்ணாடி லூசா இருக்கு. பாத்துடு."

அக்டோபர் 29, ஞாயிறு

"நாளைக்கு எதக் காட்டப் போற?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"பழசத்தான். கோவப்படாத. அவர் கையெழுத்து இல்லாம பட்டம் இல்ல. உண்மைய வச்சு எங்க காலனில ஒரு லைட்டுக் கம்பம்கூட நட முடியாது."

அவள் கோபப்படவில்லை. "சரி" என்றாள். எனக்கென்று கொண்டுவந்திருந்த இரண்டாவது மக்ரூன் பொட்டலத்தை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அக்டோபர் 30, திங்கள்

பேராசிரியர் விசாலம் குள்ளமாக, நரைத்த கிராப்போடு இருந்தார். கான்வாஸ் ஷூ. மேசையில் அவருக்கும் சாருக்கும் பீங்கான் கோப்பையில் தேநீர். எனக்குப் பேப்பர் கப்.

என் நான்கு புள்ளிகளைப் போட்டேன். சாரின் கோட்டின்மேல் நான்கும் அழகாக உட்கார்ந்திருந்தன. அந்த அம்மா மூக்குக்கண்ணாடியை இறக்கி அவற்றையே பார்த்தார்.

"ஆறு வருஷத்துல நாலே பாயின்ட்டா எடுத்தீங்க?"

"இல்ல மேடம்."

"மத்ததெல்லாம் எங்க?"

சார் இருமினார். கையில் இருந்த கப் சுட்டது. மேசையில் வைத்தேன். ஆறு வருடமாக எல்லாவற்றையும் சுடச்சுடப் பிடித்துக்கொண்டே நிற்கிறேன் என்று திடீரென்று ஒரு எரிச்சல். அவ்வளவுதான். வீரம் கீரம் என்று எதுவும் இல்லை. எரிச்சல்தான்.

"மத்தது எதுவும் இந்தக் கோட்டுல ஒக்காராது மேடம். ஏன்னு ஒரு படம் இருக்கு" என்று சொல்லி ஓட்டிவிட்டேன்.

சிவப்புப் புள்ளிகள் வரிசையாக ஏறின.

"அந்தச் செவப்பு என்ன?" என்றார் அந்த அம்மா.

"டிரேசர் பார்ட்டிகிள்ஸ்" என்று சார் முந்திக்கொண்டார். "இம்போர்ட்டட்."

"குங்குமம் மேடம்" என்றேன். "ஆயுத பூஜைக்கு மெசினுக்கு வச்சது, உள்ள விழுந்துருச்சு."

அந்த அம்மா சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பிழிந்து எடுத்துவிட்டார். குங்குமச் சாயம் சாம்பிளில் கரைந்து அதன் தன்மையை மாற்றவில்லை என்று எப்படித் தெரியும்? துகள் இழையோடு போகிறதா, இழைக்குள் தனியாக வழுக்குகிறதா? சுத்தமான சாம்பிளில், அளவு தெரிந்த துகள் போட்டுத் திரும்பச் செய்யாவிட்டால் இதை யார் நம்புவார்கள்? எதற்கும் என்னிடம் முழுப் பதில் இல்லை. இல்லை என்றே சொன்னேன்.

"இது போதாது" என்றார். "ஆனா தீசிஸ் இதுதான். அந்த நாலு பாயின்ட்டத் தூக்கிக் குப்பைல போடுங்க. ஆறு மாசம் நீட்டிப்பு எழுதறேன். பொடி கலக்க அனுமதியும் சேத்தே எழுதறேன்."

எல்லோரும் சாரைப் பார்த்தார்கள். சார் தேநீரை ஒரு வாய் குடித்தார். கோப்பையை வைத்தார். எழுந்து நின்றார்.

"இதைத்தான் மேடம் நான் இவன்ட்ட ஆரம்பத்துலேர்ந்து சொல்லிண்டிருக்கேன். நடுவுல நீளாதுப்பா, அடியிலேர்ந்துதான் வரும், பொடியைப் போட்டுப் பாருன்னு."

பின்வரிசையில் ஜெசிந்தாவுக்குப் புரையேறிவிட்டது. தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

வெளியே வந்ததும் என் பைக்குள் எதையோ திணித்துவிட்டுப் போனாள். மக்ரூன். அதோடு நாலாக மடித்த ஒரு தாள். என் நோட்டீஸ். கிழிக்காமல் பிய்த்திருக்கிறாள்.

இதை எதற்கு எடுத்து வைத்திருந்தாள் என்று தெரியவில்லை.

நவம்பர் 4, சனி

சார் வீட்டில் கொலுப்படியைப் பிரித்தோம். கட்டியவர்கள்தானே பிரிக்க வேண்டும். கட்டுரையில் முதல் பெயர் யாருடையது என்று சார் பேச்சை எடுத்தார். பலகையைத் தூக்கிக்கொண்டிருந்ததால் எனக்குக் காது கேட்கவில்லை. முதல் பெயர் என்னுடையது. அதைத் திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம்.

மேடம் காபி கொண்டுவந்தார்.

"நீ பெரிய ஆளாயிட்டியாமே. சார் சொல்லிண்டே இருக்கார். பாரு, கை சுடக் கூடாதுன்னு உனக்கு ஸ்பெஷலா கொண்டுவந்திருக்கேன்."

வாங்கிப் பார்த்தேன். பேப்பர் கப்தான். இந்த முறை ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு.

"பிரமோசன்ல" என்று காதருகே சொன்னாள் ஜெசிந்தா. அவளுக்கு எப்போதும்போல ஒற்றைக் கப். இன்று துப்பட்டாவும் இல்லை. கையை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

என் வெளிக் கப்பை உருவினேன். வழுக்கிக்கொண்டு வந்தது. அவளுடையதற்கு அடியில் போட்டுவிட்டேன்.

காபி சுட்டது.